1:64 அக்ரிலிக் எல்இடி டிஸ்ப்ளே பாக்ஸ்: ரெண்டு போட்டிக்கு தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் எழுதுறேன்

நிஜ வண்டில 64-ல ஒரு பங்கு அளவுல, அதான் 1:64-ல, வர்ற சின்ன மெட்டல் பொம்மை வண்டிய வச்சுக் காட்டுற பாக்ஸ் இது, வாங்கி ஏழு மாசம் ஆச்சுங்க. பார்சல் பிரிச்ச அன்னைக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன், முதல் தடவை போட்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்த ராத்திரி எழுதியிருந்தா ரெண்டுக்கு மேல குடுத்திருக்க மாட்டேன். இப்ப நாலு குடுக்குறேன். இங்க இருக்கிற ரிவ்யூ எல்லாம் படிச்சுப் பார்த்தேன், பொட்டி உடையாம வந்துச்சு, லைட் நல்லா எரியுது, பையன் பொறந்தநாளுக்கு குடுத்தேன் சூப்பர்னு எழுதியிருக்காங்க, அதெல்லாம் சரிதான். ஆனா அந்த வண்டிய பிரிச்சு நம்ம இஷ்டத்துக்கு மாத்தி, அதாவது கஸ்டம் பண்ணி, போட்டில மார்க் போடுறவங்க முன்னாடி வைக்கிறதுக்கு இது எப்படின்னு ஒருத்தரும் எழுதல, நான் வாங்குறப்ப தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

வண்டி என்னன்னு சொல்லிடுறேன், அப்பதான் மத்தது புரியும். எங்க பெரியப்பா வால்பாறை பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல ஜீப் ஓட்டுனவரு. லீவு விட்டா பொள்ளாச்சில இருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர்கிட்ட போயிடுவேன், அந்தப் பச்சை ஜீப்போட பின்சீட்ல உக்காந்துதான் என் பாதி லீவு போச்சு. அந்த ஜீப்பைத்தான் செஞ்சேன். வில்லிஸ் ஜீப் காஸ்டிங் (அச்சுல வார்த்த மெட்டல் வண்டி) ஒண்ணு வாங்கி, பாடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட்டை கீழ இருந்து ட்ரில் பண்ணிப் பிரிச்சு, பழைய பெயிண்டை ரிமூவர்ல ஊறப்போட்டு எடுத்துட்டு, ப்ரைமர் அடிச்சு, பச்சை அடிச்சு, பிளாஸ்டிக் வீலைக் கழட்டிட்டு ரப்பர் டயர் போட்டு, சேறு, துரு எல்லாம் பிக்மென்ட் பவுடர்ல கொண்டுவந்தேன். இதெல்லாம் இந்த ஹாபில இருக்கிற எல்லாரும் பண்றதுதான். நான் உயிரைக் குடுத்து பண்ணுனது ஸ்டீயரிங். அது அமெரிக்க ஜீப், ஸ்டீயரிங் இடது பக்கம், பெரியப்பா ஓட்டுன ஜீப்புக்கு வலது பக்கம் இருக்கணும்ல? டேஷ்போர்டை அறுத்து, பழைய ஸ்டீயரிங்க செதுக்கி எடுத்துட்டு, மெல்லிசு செம்புக் கம்பிய 6 மில்லிமீட்டர் ட்ரில் பிட் மேல ஒரு சுத்து சுத்தி வளையம் பண்ணி வலது பக்கம் வச்சேன். நிஜ ஸ்டீயரிங் சுமார் 40 சென்டிமீட்டர் அகலம், 64-ஆல வகுத்தா ஆறேகால் மில்லிமீட்டர் வரும். அதுக்கு மட்டும் 11 ராத்திரி ஆச்சு.

போன வருஷம் அதை ஒரு டைகாஸ்ட் மீட்ல (இந்த மெட்டல் வண்டிக்காரங்க கூடுற எடம்) வச்சப்ப பாக்ஸ் எதுவும் இல்ல, கறுப்பு வெல்வெட் துணி விரிச்சு அது மேல வச்சேன், பார்க்க பாந்தமாதான் இருந்துச்சு. மேசை ரெண்டரை அடி உயரம். வந்தவங்க நின்ன எடத்துல இருந்து குனியாம பார்த்தா அவங்களுக்குத் தெரியிறது பானெட்டும் கேன்வாஸ் கூரையும் மட்டும்தான். ஜட்ஜ் ரெண்டு பேரும் வந்தாங்க, பெயிண்ட் ஃபினிஷ் நல்லா இருக்குன்னாங்க, போயிட்டாங்க. ஸ்டீயரிங்க யாருமே பார்க்கல. பக்கத்து மேசைல ஒரு தம்பி வெறும் வீல் ஸ்வாப்பும் ஒரு கோட் பெயிண்டும் பண்ணியிருந்தாப்ல, ஆனா ஒரு அடி உயர ஸ்டாண்டு மேல, சாய்வா, சின்ன லைட்டோட வச்சிருந்தாப்ல, அந்த மேசைய விட்டு கூட்டம் நகரவே இல்ல. அந்தத் தம்பி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க, சரியாத்தான் பண்ணியிருந்தாப்ல. வண்டி பண்றது ஒரு வேலை, அதைப் பார்க்க வைக்கிறது இன்னொரு வேலைன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்த அன்னைக்கே இந்த பாக்ஸை ஆர்டர் போட்டேன்.

இப்ப பாக்ஸுக்கு வரேன். 15 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 9 உயரம். 1:64 வண்டி ஏழு சென்டிமீட்டர்தான் இருக்கும்கிறதால சுத்தி நல்லா எடம் கிடைக்குது, சின்னதா ஒரு ரோடு, ஓரத்துல ரெண்டு கல்லு, ஒரு மைல்கல்னு வைக்கலாம். மூடி ஒரே பொட்டியா நேரா மேல தூக்குற மாதிரி, கீழ பேஸ்ல ஒரு பள்ளம் வெட்டி அதுல உக்காருது. இது ரொம்ப முக்கியமான நல்ல விஷயம், ஏன்னா சில போட்டில மூடி திறக்க முடியலன்னா மார்க் போட மாட்டாங்க, ரூல்ஸ்லயே இருக்கும், ஒட்டி சீல் பண்ண கேஸ் வாங்கிட்டுப் போனா அவ்ளோதான். மூலை ஒட்டுனது சுத்தமா இருந்துச்சு, குமிழி இல்ல, வெளிய வழிஞ்ச பசை இல்ல. விலை 1,150 ரூபா, டெலிவரி தனி.

அக்ரிலிக் மேல ரெண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டி வருது, அதை சரக்குன்னு இழுத்து உரிக்காதீங்க. உரிச்ச நிமிஷம் ஸ்டாட்டிக் கரென்ட் ஏறி ரூம்ல இருக்கிற தூசி அத்தனையும் உள்பக்கமா ஒட்டிக்கும், துணி வச்சு துடைக்கத் துடைக்க இன்னும் அதிகமா ஒட்டும். மெதுவா உரிச்சு, லேசா ஈரமான மைக்ரோஃபைபர் துணில ஒரு இழுப்பு, அப்புறம் ஏர் ப்ளோயர், போதும். நான் ரெண்டாவது வாரம் ஒரு தப்பு பண்ணேன், வண்டி துடைக்க வச்சிருந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையே எடுத்து மூடியோட ஓரத்தையும் துடைச்சேன். மறுநாள் காலைல பார்த்தா ஓரத்துல முடி மாதிரி மெல்லிசு விரிசல் வரிசையா. லேசர்ல வெட்டுன அக்ரிலிக்கோட ஓரத்துல ஒரு இறுக்கம் இருக்கும், அதுல ஆல்கஹால் பட்டா இப்படித்தான் விரியும்னு அக்ரிலிக் வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் சொன்னாரு. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு போதும்.

அடுத்து லைட். எனக்கு இதுலதான் பெரிய குறை. மூடியோட மேல்பக்கம் உள்ளார ஒரு எல்இடி ஸ்ட்ரிப், யூஎஸ்பி வயர். ஆன் பண்ண உடனே பளிச்சுன்னு இருக்கு, கடை மாதிரி இருக்கு, ஆனா நீலம் கலந்த வெள்ளை. என் ஜீப்போட பச்சை அந்த லைட்ல சாம்பல் மாதிரி ஆயிடுச்சு, நான் அவ்ளோ கஷ்டப்பட்டு வச்ச செம்மண் சேறு வெறும் அழுக்கு மாதிரி தெரிஞ்சுது. சிவப்பையும் பழுப்பையும் சரியா காட்டணும்னா சிஆர்ஐ (லைட் நிறத்தை எவ்ளோ நிஜமா காட்டுதுங்கிற நம்பர், 100 தான் உச்சம்) 90-க்கு மேல இருக்கிற எல்இடி வேணும், இதுல வர்ற ஸ்ட்ரிப்புக்கு அந்த நம்பரே எங்கயும் போடல. காந்திபுரத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைல 4000 கெல்வின் (நீலமும் அடிக்காம ரொம்ப மஞ்சளும் இல்லாத வெள்ளை), சிஆர்ஐ 90-னு போட்டிருந்த 5 வோல்ட் ஸ்ட்ரிப் ஒரு அடி வாங்கி மாத்துனேன், சால்டர் பண்ணத் தெரிஞ்சா அரை மணி நேர வேலை. மாத்திட்டு ஆன் பண்ணப்பதான் அது பெரியப்பா ஜீப் பச்சையா தெரிஞ்சுது, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டே இருந்தேன்.

கலர் மட்டும் இல்ல, லைட் வர்ற திசையும் பிரச்சனைதான். நேரா உச்சந்தலைல இருந்து அடிச்சா கூரை மட்டும் மின்னும், கதவுப் பக்கமும் வீல் ஆர்ச்சும் இருட்டு, உள்ள இன்டீரியர் சுத்தமா போச்சு. ஸ்ட்ரிப்பை மேல் மூலைல, முன்பக்க ஓரமா, உள்பக்கம் சாய்ச்சு ஒட்டுங்க, அது மேல ட்ரேசிங் பேப்பர் ஒரு துண்டு ஒட்டிட்டா வெளிச்சம் மெதுவா பரவும். அப்புறம் பேஸ். இவங்க குடுக்கிறது கறுப்பு பளபள அக்ரிலிக், வண்டியோட நிழல் அதுல கண்ணாடி மாதிரி விழும், போட்டோல அழகா இருக்கும், ஆனா கறுப்பு வெளிச்சத்தை முழுங்கிடும், வண்டியோட கீழ்ப்பாதி இருட்டாயிடும். வெளிர் சாம்பல் இல்லன்னா மண் கலர் பேஸ் வச்சா கீழ இருந்து வெளிச்சம் எகிறி கதவு மேல படும். நான் மண் ரோடு வச்சதே பாதி இதுக்காகத்தான்.

இதுல ஒண்ணு சொல்லணும், எல்லா வண்டிக்கும் ஒரே லைட் ஆகாது. ஹாட் வீல்ஸ் 1968-ல முதல்முதலா வந்தப்ப ஸ்பெக்ட்ராஃப்ளேம்னு ஒரு பெயிண்ட் போட்டாங்க, பாலிஷ் பண்ண மெட்டல் மேல கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியிற கலர், அந்த மாதிரி கேண்டி ஃபினிஷ் பண்றவங்க ட்ரேசிங் பேப்பர் எல்லாம் போட்டா வண்டி செத்துப் போயிடும். அதுக்கு ஒத்தைப் புள்ளியா, கூர்மையா விழுற லைட் வேணும், அப்பதான் உள்ள இருக்கிற மெட்டல் தகதகன்னு எழும்பும். மினுமினுக்கிற துகள் கலந்த மெட்டாலிக் ஃப்ளேக் பெயிண்டுக்கும் அதேதான். சேறு, துரு, மேட் ஃபினிஷுக்கு மெதுவான வெளிச்சம். இந்த பாக்ஸ்ல வர்ற ஸ்ட்ரிப் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, ரெண்டுக்கும் முழுசா சேராது.

இப்ப அந்த ரெண்டு ஸ்டார் ராத்திரி. லைட் எல்லாம் மாத்தி, பவர் பேங்க் ஃபுல்லா சார்ஜ் போட்டு, கோயமுத்தூர்ல இருந்து பெங்களூருக்கு ட்ரெயின்ல மடில வச்சே கொண்டு போனேன். ஹால்ல பிளக் பாயின்ட் கிடையாது, அதான் பவர் பேங்க் இருக்கேன்னு தைரியமா இருந்தேன். மாட்டுனேன், எரிஞ்சுது, அரை நிமிஷத்துல அணைஞ்சுது. திரும்ப பட்டன் அமுக்குனேன், திரும்ப அணைஞ்சுது. விஷயம் என்னன்னா இந்த மாதிரி சின்ன ஸ்ட்ரிப் இழுக்கிற கரென்ட் ரொம்பக் கம்மி, போன் ஃபுல் சார்ஜ் ஆயிடுச்சுன்னு நினைச்சு பவர் பேங்க் தானா ஆஃப் ஆயிடும். ஜட்ஜ் வர்ற நேரம் நான் பட்டனைத் தேடிட்டு இருந்தேன். பாக்ஸ் அட்டைல "பவர் பேங்க்ல ஓடும்"னு பெருசா போட்டிருக்கு, தயவுசெஞ்சு விக்கிறவங்க இதை ஒரு வரி சேர்த்துப் போடுங்க. இயர்பட்ஸ் மாதிரி சின்ன சாமான் சார்ஜ் பண்ண லோ கரென்ட் மோட் இருக்கிற பவர் பேங்க் ஓடும், இல்லன்னா மூணு ஏஏ பேட்டரி போடுற டப்பா வாங்கி யூஎஸ்பி வயரை வெட்டி ஜாயின்ட் பண்ணிக்கோங்க, நாலரை வோல்ட்ல கொஞ்சம் மங்கலா எரியும், ஆனா அணையாது. நான் இப்ப பேட்டரி டப்பாதான், பேஸுக்கு அடில ஒட்டிட்டேன், வயரே வெளிய தெரியாது.

அன்னைக்கே இன்னொண்ணும் நடந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி சைடு மிர்ரர் ஒண்ணு கழண்டுடுச்சு, சூப்பர் க்ளூ ஒரு துளி வச்சு ஒட்டி, காஞ்சிருச்சுன்னு மூடியப் போட்டு மூடிட்டேன். காலைல பார்த்தா ஓஎச்பி ஷீட்ல (ஊடுருவித் தெரியிற பிளாஸ்டிக் தாள்) வெட்டி வச்ச விண்ட்ஷீல்டு முழுக்க பனி பிடிச்ச மாதிரி வெள்ளையா பூத்திருக்கு, மூடிலயும் உள்பக்கம் ஒரு விரல் ரேகை மட்டும் தனியா வெள்ளையா எழும்பியிருக்கு. அந்தப் பசையோட ஆவி காத்தோட்டம் இல்லாத பொட்டிக்குள்ள சுத்திட்டு இப்படித்தான் படியும், ரேகை இருக்கிற எடத்துல ரொம்ப பிடிக்கும். பாக்ஸ் டைட்டா மூடுறது தூசிக்கு நல்லது, இதுக்கு கெட்டது. பெயிண்ட், பசை, ஈரமான மண் பேஸ் எதுவா இருந்தாலும் ரெண்டு மூணு நாள் திறந்து வச்சு காத்தாட விட்டுட்டு மூடுங்க. கண்ணாடி பாகத்துக்கு சூப்பர் க்ளூ கிட்டயே போகாதீங்க, வெள்ளை பசை போதும். விண்ட்ஷீல்டை திரும்ப வெட்டித்தான் வச்சேன்.

வண்டிய பேஸ்ல நிறுத்துறதுக்கு இவங்க ரெண்டு டேப் துண்டு குடுக்கிறாங்க, அது ட்ரெயின் ஆட்டத்துக்குத் தாங்காது. ஆனா நம்மகிட்ட ஒரு வசதி இருக்குங்க, ரிவெட்டை ட்ரில் பண்ண எடத்துல எப்படியும் மரை போட்டு எம்2 ஸ்க்ரூ (2 மில்லிமீட்டர் கனம்) போட்டுத்தான் மூடுறோம், அந்த ஸ்க்ரூவுக்கு பதிலா கொஞ்சம் நீளமானதா போட்டு, பேஸ்ல ஒரு ஓட்டை போட்டு, கீழ இருந்தே முடுக்கிட்டா வண்டி அசையாது, பொட்டிய கவுத்தாலும் விழாது. இந்த பேஸ் 3 மில்லிமீட்டர், மெதுவா கையாலயே ட்ரில் பண்ணலாம், மெஷின்ல வேகமா விட்டா உருகி ஒட்டிக்கும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பேஸ் வச்ச மாடலும் இதே கடைல இருக்கு, 200 ரூபா அதிகம், அடிப்பக்கத்துல வேலை பண்ணியிருந்தீங்கன்னா மட்டும் வாங்குங்க. சேசிஸை ஃபேக்டரில வந்த மாதிரியே விட்டுட்டு கண்ணாடி மேல வச்சா, பண்ணாத வேலையத்தான் அது ஊருக்கே காட்டும்.

ரெண்டாவது போட்டிக்கு கார்பென்டர்கிட்ட சொல்லி ஒரு அடி உயரத்துக்கு தேக்குல ஒரு ஸ்டாண்டு பண்ணேன், மேல்பக்கம் பார்க்கிறவங்க பக்கமா லேசா சாய்வு. பாக்ஸ் அது மேல கச்சிதமா உக்காந்துச்சு. வண்டிய நேரா வைக்காம திருப்பி, டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம், பார்க்கிறவங்களுக்குத் தெரியிற மாதிரி வச்சேன். முன்னாடி விசிட்டிங் கார்டு சைஸ்ல ஒரு சீட்டு, அதுல நாலே வரி: எந்தக் காஸ்டிங், எதை மாத்துனேன், எதைக் கையால செஞ்சேன், எந்த ஊர் ஜீப். அப்புறம் பக்கத்துல அதே காஸ்டிங் இன்னொண்ணு, கை வைக்காதது, கடைல வாங்குன கோலத்துல அப்படியே. இது எனக்குத் தெரிஞ்சு நூறு வார்த்தைக்கு சமம், எது மாறியிருக்குன்னு வாயால சொல்லவே வேண்டியதில்ல, கண்ணு தானா ரெண்டையும் மாறி மாறிப் பார்க்கும். போட்டி ரூல்ஸ்ல ஒருத்தருக்கு இவ்ளோதான் எடம்னு இருக்கும், முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஒரு ஜட்ஜ் வந்தாரு, சீட்டைப் படிச்சாரு, கை வைக்காத ஜீப்பைப் பார்த்தாரு, திரும்ப என் ஜீப்பைப் பார்த்தாரு. குனிஞ்சாரு. "ரைட் ஹேண்டா மாத்தியிருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டு மூடியத் திறக்கச் சொன்னாரு, பக்கத்துல இருந்தவரையும் கூப்பிட்டு காட்டுனாரு. ரெண்டு பேரும் போன் டார்ச் அடிச்சு உள்ள பார்த்துட்டே இருந்தாங்க, கீழ மிதிக்கிற பெடலும் பண்ணியிருக்கேனான்னு தேடுனாங்க. அந்த தடவை மூணாவது எடம் கிடைச்சுது. எனக்கு அந்தக் கேள்வியே போதுமா இருந்துச்சுங்க.

போட்டோ போட்டிக்கு இந்த பாக்ஸ் எப்படின்னு கேட்டா, மூடிய எடுத்துட்டு பேஸை மட்டும் வச்சு எடுங்க. மூடியோட எடுத்தா உங்க முகமும் ஜன்னலும் அக்ரிலிக்ல விழும். மேல இருந்து எடுத்தா எப்பவும் பொம்மைதான், நிஜ வண்டி மாதிரி வரணும்னா கேமரா கண்ணு அந்த உலகத்து மனுஷன் கண்ணு உயரத்துல இருக்கணும். அஞ்சரை அடி ஆளு 1:64-ல ரெண்டரை சென்டிமீட்டர்தான். போனைத் தலைகீழா பிடிச்சீங்கன்னா லென்ஸ் தரையோட ஒட்டி வந்துரும். கிட்டப் போகாதீங்க, ஒரு அடி தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம் வச்சு எடுங்க, அப்பதான் முன்னாடி பம்பர்ல இருந்து பின்னாடி ஸ்டெப்னி வரை ஷார்ப்பா வரும், மூக்கு பெருசாத் தெரியாது. பேஸ்ல கல்லு வைக்கிறப்பவும் அளவு பாருங்க, அஞ்சு மில்லிமீட்டர் கூழாங்கல்லு அந்த அளவுல ஒரு அடிக்கு மேல இருக்கிற பாறை. மண்ணை டீ வடிகட்டில சலிச்சு, அப்புறம் வேஷ்டித் துணில ஒரு தடவை சலிச்சுதான் போட்டேன்.

யாருக்கு வாங்கலாம்னா, வெறும் ஷெல்ஃபுக்கு 1,150 ரூபா கொஞ்சம் அதிகம், லைட் இல்லாத சாதாரண கேஸே போதும். போட்டிக்குன்னா வாங்கலாம், பொட்டி தரமா இருக்கு, ஆனா லைட்டுக்கும் பேட்டரி டப்பாவுக்கும் இன்னொரு 250 ரூபா எடுத்து வச்சுக்கோங்க. அந்த ஒரு ஸ்டார் குறைச்சது லைட்டுக்கும் பவர் பேங்க்னு அட்டைல போட்டதுக்கும்.

போன மாசம் பாக்ஸை அப்படியே எடுத்துட்டுப் போய் பெரியப்பாகிட்ட காட்டுனேன். இப்ப பொள்ளாச்சில இருக்காரு, கண்ணு கொஞ்சம் மங்கல். டேபிள் மேல ஸ்டாண்டு போட்டு, லைட் போட்டு வச்சேன், சேர்ல உக்காந்த எடத்துல இருந்து நேரா அவர் கண்ணுக்கு வந்துச்சு, குனிய வேண்டியதே இல்ல. ரொம்ப நேரம் பேசல. ஸ்டீயரிங்க விரல் நீட்டிக் காட்டுனாரு, தலைய ஆட்டுனாரு. அப்புறம், "ஹார்ன் எங்கப்பா? வெளிய ரப்பர் பல்பு வச்ச ஹார்ன் இருந்துச்சுல்ல, அது இல்லாம அத்தனை வளைவு எப்படி எறங்குவ?"ன்னாரு. ஜட்ஜ் யாரும் கேட்காத கேள்வி. பேஸுக்கு அடில இருக்கிற எம்2 ஸ்க்ரூவைக் கழட்டி வண்டிய வெளிய எடுத்து வச்சிருக்கேன், ஹார்னுக்கு செம்புக் கம்பி வளைச்சாச்சு, பல்புக்கு கறுப்பு ரப்பர்ல ஒரு துளிதான் பாக்கி.